உழவு மெசினில் ஒரு சொக்கட்

மேற்கே வானம் கறுத்தால் எனக்குப் பயம். கடலிலிருந்து வரும் மழை சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும். மேற்கே பெய்தால் குளங்கள் நிரம்பும், வான் கதவுகளைத் திறப்பார்கள், அந்தத் தண்ணீர் முழுவதும் கடலைத் தேடி எங்கள் வட்டையின் வயல்கள் வழியாகத்தான் வரும். எங்கள் வீடு ஊரின் மேற்கு ஓரத்தில், வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நல்ல காற்று வரும் என்று ஆசைப்பட்டுக் கட்டியது. காற்று வருகிறது. மற்றதும் வருகிறது.

தண்ணீர் வந்தால் கறன்ட் போகும். கறன்ட் போனால் என் மனைவியின் நெபுலைசர் ஓடாது. அவளுக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. அதுவும் மாரி மழையில் கூடிவிடும். சாதாரண நாளுக்கு வாயில் அடிக்கிற பம்ப் போதும். கடுமையாக வந்தால் இந்தச் சின்ன மெசின் மருந்தைப் புகைபோல ஆக்கி, முகமூடி வழியாக உள்ளே அனுப்ப வேண்டும். போன மாரியில் கார் கதவுவரை தண்ணீரில் நின்றது. அவளுடைய தம்பி தன் சின்ன உழவு ட்ரெக்டரைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனான். முகமூடியும் மெசினும் அவளுடைய மடியில் சும்மா கிடந்தன. அன்று அவளுடைய உதடு இருந்த நிறத்தை நான் எழுதப்போவதில்லை.

நான் பிரதேச செயலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். நாட்பட்ட நோயாளிகளை வெள்ளத்துக்கு முன்னரே பாதுகாப்பான இடத்துக்கு அகற்ற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தல் எழுதிய கை இது. வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டுவதற்கு யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த அனுமதி வந்து சேர்வதற்குள் எந்தெந்த வீட்டுக் குசினிக்குள், அடுப்படியில் மீன் நீந்தும் என்பதும் தெரியும். இத்தனை தெரிந்த நான் என் மனைவியை ட்ரெக்டரில் வைத்து, கையைப் பிசைந்துகொண்டு போனேன்.

வெள்ளத்துக்குள் ஓடக்கூடிய வாகனம் அந்த ட்ரெக்டர் ஒன்றுதான். ஆகவே மின்சாரமும் அதில்தான் இருக்க வேண்டும். கார்களில் போன் சார்ஜ் பண்ணுவதற்கு இருக்கிற சொக்கட் போல ஒன்றைப் பூட்டினால், பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிற நெபுலைசர் ஒன்றை வாங்கி அதில் கொழுவலாம். மச்சினன் சம்மதித்தான். எப்படிப் பூட்டுவது என்பதில்தான் சம்மதிக்கவில்லை.

"ரெண்டு வயர பற்றரில முறுக்கி உட்டா வேல முடிஞ்சி மச்சான். நீங்க இதுக்கும் கச்சேரி வெக்கிறீங்க."

"முறுக்கின வயர் சூடாகிப் பத்தினா உன்ட ராத்தாவ எங்க எறக்குவாய், தண்ணிக்குள்ளயா?"

வேலை என் முறைப்படியே நடந்தது. பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ். புகைக்குழாயில் படாமல் வயரைச் சுற்றிக் கொண்டுவந்தேன். தகரத்தைத் துளைத்த இடத்தில் வயர் அறுபடாமல் ரப்பர் வளையம் வைத்தேன். நடுவில் ஒரு ரிலே, அதாவது ட்ரெக்டரின் சாவித் துளையில் திறப்பைத் திருகினால் மட்டும் சொக்கட்டுக்கு மின்சாரத்தை விடுகிற சின்னப் பெட்டி. இந்தக் கடைசி விஷயம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நான் டீ குடிக்க எறங்கினா போன் சார்ஜாகுமெண்டு பாத்தன்."

"அதுக்குத்தான் திறப்போட சேத்த. நீ போனப் போட்டுட்டுப் போய்க் கதைச்சிக்கிட்டு இருப்பாய். பற்றரி செத்துரும். பொறகு மாரிக்க தள்ளி ஸ்டார்ட் பண்ணுறயா?"

"அப்ப திறப்ப உட்டுட்டு எறங்கச் சொல்றீங்களா? நம்மட பொடியனுகள் ட்ரெக்டரக் கொண்டு பொத்துவிலுக்கு ட்ரிப் போயிருவானுகள்."

அவன் இறங்கும்போதெல்லாம் திறப்பைக் கழற்றி, சாரனுக்கு மேல் கட்டியிருக்கும் அகலப் பெல்ட்டின் பொக்கட்டில் போட்டு, அந்தப் பொக்கட்டை ஒருமுறை தட்டிப் பார்ப்பான். தொழப் போனாலும் அப்படித்தான்.

படியில் உட்கார்ந்து எங்களுக்குக் குறடும் டேப்பும் எடுத்துத் தந்துகொண்டிருந்த மனைவி சொன்னாள்: "ரெண்டு பேரும் கதைச்சி முடிக்க மாரி வந்துரும்."

வேலை முடிந்ததும் நெபுலைசரைக் கொழுவி ஓட்டிப் பார்த்தோம். அழகாக இரைந்தது. சொக்கட்டின் மேல் எத்தனை அம்பியர் என்று ஒரு துண்டும் ஒட்டினேன். மிஞ்சிய பியூஸ்களையும் வயரையும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு அலுமாரியில் வைத்தேன். அன்றிரவு கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அது பழகிப்போன வேலை.

மாரி வந்தது. முதல் படியில் தண்ணீர் தொட்டால் புறப்படுவது என்று ஒரு நடைமுறை வகுத்திருந்தேன். தண்ணீர் அந்த நடைமுறையை வாசிக்கவில்லை. நான் வாசல் படியைப் பார்த்துக்கொண்டிருக்க அது பின்பக்கத்தால் குசினிக்குள் வந்துவிட்டது. பகல் லுஹர் தொழுது சலாம் கொடுத்தபோது பாய் நனைந்திருந்தது. கறன்ட் போயிருந்தது. அவள் கட்டில் விளிம்பில் முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டிருந்தாள். மூச்சில் விசில் கேட்டது. அந்த விசிலுக்குக்கூட நான் பயப்படுவதில்லை. அது நின்றுபோவதற்குத்தான் பயம்.

மச்சினன் வந்தான். பின்னால் இழுத்துவரும் ட்ரெயிலர் பெட்டியைக் கொழுவவில்லை. வெள்ளத்தில் பெட்டி மிதந்தால் ட்ரெக்டரையும் சேர்த்து இழுக்கும். இதில் மட்டும் நாங்கள் வாக்குவாதப்படவில்லை. பசளை மூட்டை ஏற்றுவதற்காக ட்ரெக்டரின் பின்னால் ஒரு இரும்புத் தட்டுப் பூட்டியிருந்தான், ஹைட்ரோலிக்கில் உயர்ந்து இறங்குகிற தட்டு. அதில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கயிற்றால் கட்டி, அவளை இருத்தி, மேலே மழைக்குப் படங்கைப் போர்த்தினோம். நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டேன். சொக்கட்டில் கொழுவியதும் முகமூடிக்குள் வெள்ளைப் புகை எழும்பியது. அவளுடைய தோள் கொஞ்சம் தளர்ந்தது.

மெயின் ரோட்டுக்குப் போகும் பாதை வட்டையைக் கடந்து ஒரு மதகின் மேலால் போகிறது. பாதையும் வயலும் ஒரே நிறத் தண்ணீர். ஓரத்துக் கிளிசரியா மரங்களை வைத்துத்தான் பாதை எது என்று தெரிந்தது. மதகுக்குக் கிட்ட மரங்களும் இல்லை. மச்சினன் எஞ்சினை நிறுத்தினான்.

"சத்தம் கேக்கணும் மச்சான். தண்ணி எந்தப் பக்கம் விழுதெண்டு பாத்திட்டு வாறன். ராத்தாவ இறுக்கிப் புடிங்க."

ஒரு கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். தண்ணீர் அவனுக்கு இடுப்புவரை வந்தது. கம்பால் குத்திக் குத்திப் பார்த்து, மழைக்குள் மங்கலாகிப் போனான்.

நான் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டேன். எங்கேயோ முன்னால் விழுகிற பெரிய இரைச்சல். அந்த இரைச்சலில் சின்ன மெசின் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. அவளுடைய விரல்கள் என் கையில் அழுந்தியபோதுதான் திரும்பினேன். முகமூடிக்குள் புகை இல்லை. கண்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

முன்னால் எட்டித் திறப்பைத் திருகப் போனேன். திறப்பு இல்லை. அது பெல்ட் பொக்கட்டுக்குள், தட்டிப் பார்க்கப்பட்டு, பத்திரமாக மதகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எஞ்சின் நின்றதால் ஹைட்ரோலிக்கும் இளகி, தட்டு மெல்ல மெல்ல இறங்கியது. தண்ணீர் அவளுடைய செருப்பைத் தொட்டது. அவளை விட்டுவிட்டு அவன் பின்னால் போகவும் முடியாது. விசில் குறைந்துகொண்டு வந்தது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். சொக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ரிலேயைக் கழற்றினால் அதன் இருக்கையில் துளைகள் இருக்கும். தடித்த வயர் வருகிற இரண்டு துளைகளை ஏதாவது ஒரு கம்பியால் இணைத்தால் திறப்பு இல்லாமலேயே சொக்கட்டுக்கு மின்சாரம் போகும். கம்பிதான் இல்லை. கம்பி அலுமாரியில், பெயர் எழுதிய டப்பாவில் இருந்தது. சட்டைப் பையைத் தடவினேன். மூக்குக் கண்ணாடிக் கூடும் மருத்துவ அட்டையும் கிடந்தன.

"வயர் ஒண்டு," என்றேன். யாரிடம் சொன்னேனோ தெரியாது.

அவள் ஒரு கையைத் தூக்கினாள். முக்காட்டை நாடிக்குக் கீழே குத்தியிருந்த சட்டைப்பின்னைக் கழற்றி நீட்டினாள்.

கை ஈரமாக இருந்தது. ரிலே வழுக்கியது. பின் தவறி இரும்பில் பட்டால் பியூஸ் போய்விடும். வேறு பியூஸ் இல்லை. அவ்வளவுதான் வழி. பிஸ்மி சொல்லி, பின்னை விரித்து, இரண்டு கால்களையும் இரண்டு துளைக்குள் அழுத்தினேன். சின்னதாக ஒரு பொறி. பிறகு மெசினின் இரைச்சல்.

புகை எழும்பியது. நான் அதை எண்ணவில்லை, நேரம் பார்க்கவில்லை. விசில் திரும்பி வரும்வரை அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது.

மச்சினன் திரும்பி வந்து பக்கத்தில் நின்றான். மெசினைப் பார்த்தான். பெல்ட்டைத் தட்டினான்.

"திறப்பு எனக்கிட்டத்தானே கிடக்கு. எப்பிடி மச்சான் ஓடுது?"

"ராத்தாட பின்னில ஓடுது. ஏறு."

அவனுடைய முகம் மாறியதைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான் போல. நான் வயரைத் திறப்போடு சேர்த்தவன், அவன் திறப்பைக் கழற்றியவன். யார் யாரிடம் கேட்பது? "இடப்பக்கம் கரை கழண்டு போய்க் கிடக்கு, வலப்பக்கத்தால போவம்" என்று மட்டும் சொல்லி ஸ்டார்ட் பண்ணினான்.

மதகைக் கடக்கும்போது ட்ரெக்டரின் ஒரு சில்லு எதிலோ இறங்கி ஏறியது. நான் ஒரு கையால் கதிரையையும் மற்றக் கையால் ரிலேப் பெட்டியின் மூடியையும் பிடித்திருந்தேன். பின் சூடாகியிருந்தது. தண்ணீருக்கு நடுவில் நெருப்புக்குப் பயந்துகொண்டு போனேன். அவள் பின் இல்லாத முக்காட்டை ஒரு கையால் நாடிக்குக் கீழே பொத்திக்கொண்டிருந்தாள், அந்த நிலையிலும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், வழியில் மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒட்சிசன் வைத்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்கு வந்தோம்.

இப்போது சொக்கட் திறப்போடு இல்லை. பியூஸ் வழியாக நேரே பற்றரியில் இருந்து வருகிறது. மச்சினன் டீ குடிக்கும்போது போன் சார்ஜ் ஆகிறது. நான் சொன்னபடியே பற்றரி அடிக்கடி இறங்கிவிடுகிறது. அவனும் முணுமுணுக்காமல் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருகிறான். என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம்.

மனைவி முக்காட்டில் இரண்டு பின் குத்தத் தொடங்கினாள். ஒன்று நாடிக்குக் கீழே, மற்றது தோளில், எதையும் பிடித்துக்கொள்ளாமல். வயரை மாற்றியாயிற்று, இனிப் பின் தேவைப்படாது என்று அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன்.

"ஓம்," என்றாள்.

இன்று காலையிலும் இரண்டு பின் குத்தியிருந்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.