ஏழு என்று எழுதிய விடை

பி.யு.சி. கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தபோது நூற்றுக்கு நூறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்ஜினீயரிங் சீட்டு கிடைத்தால் படிக்கலாம், இல்லாவிட்டால் தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடையில் வந்து உட்கார வேண்டும். கடை என்றாலே எனக்கு மூச்சு முட்டும்.

லஸ் பஸ் ஸ்டாப்பில் என் மயிலாப்பூர் நண்பன் விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். சைனை மூன்றாலும் கொசைனை நான்காலும் பெருக்கிக் கூட்டினால் அதிகபட்சம் எவ்வளவு என்ற கணக்கில் அவனுக்கு ஐந்து, எனக்கு ஏழு. சைனும் சரி, கொசைனும் சரி, ஒன்றைத் தாண்டாது. மூன்றும் நான்கும் ஏழு, இதில் என்ன சந்தேகம் என்று சண்டைக்கே போனேன்.

அவன் வினாத்தாளை நீட்டினான். கணக்கின் முதல் பாதி ஒரு முற்றொருமை. அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கத்தோடு இன்னொரு வர்க்கத்தைச் சேர்த்தால் எந்தக் கோணத்திலும் இருபத்தைந்துதான் வரும் என்று நிரூபிக்க வேண்டும். அதை அழகாகவே நிரூபித்திருந்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், அடியில் ஒரு கோடு. நிரூபித்தால் மார்க்கு, அவ்வளவுதான். அது நமக்கு ஏதாவது சொல்கிறதா என்று நான் நின்று பார்த்ததே இல்லை.

“இதிலேர்ந்து கண்டுபிடின்னு போட்டிருக்கானேடா. ரெண்டும் சேர்ந்தே இருபத்தஞ்சுன்னு நீயே நிரூபிச்சுட்டு, அதுல ஒண்ணு மட்டும் எப்படிடா ஏழேழு நாப்பத்தொம்பது ஆகும்?”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை, தி.நகர் வரை விறுவிறுவென்று நடந்தேன். வீட்டில் சைன், கொசைன் அட்டவணையைப் பிரித்து ஒவ்வொரு கோணமாகப் போட்டுப் பார்த்தேன். சைன் ஏற ஏற கொசைன் இறங்கியது. முப்பத்தேழு டிகிரிக்குப் பக்கத்தில் ஐந்தை ஒட்டி வந்து, பிறகு குறைய ஆரம்பித்தது. எங்காவது ஒரு கோணத்தில் தாண்டிவிடாதா என்று திரும்பத் திரும்பப் போட்டேன். சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவின் மேல் எரிந்து விழுந்தேன்.

சீட்டு கிடைக்கவில்லை. அந்த ஒரு கணக்கால்தான் போயிற்று என்று இன்றுவரை நம்புகிறேன்.

ஜூலையில் நண்பன் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் சட்டைத்துணி வாங்க எங்கள் கடைக்கு வந்தான். சௌக்கியமா என்று கேட்டான். நான் துணியை எடுத்து விரித்தேன். கல்லாவிலிருந்து அப்பா, இன்னும் மாறாத திருநெல்வேலிப் பேச்சில் சொன்னார்: “ஒன் சிநேகிதன்தானேலே, நாலு விரக்கடை கூடப் போட்டுக் கிழி.”

அவன்மேல் கோபப்பட ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் கோபம் இருந்தது. துணியை இழுத்துப் பிடித்து, மீட்டர் கோலின் நுனியில் அளவு பார்த்து, நாலு விரல் என்ன, இம்மியும் கூடாமல் கிழித்துக் கொடுத்தேன்.