வண்டிக்கு அடியில் பார்ப்பவர்

ஐம்பத்து மூன்று வயதில் தனசிங்குக்கு வாய்த்த வேலை, கார்களுக்கு அடியில் பார்ப்பது. பதினேழு வருடப் பட்டாளத்துக்காரர். சைனிக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கொண்டாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கேட்டுக்கு வருவார். அது 2009. வெடிகுண்டு பயம் அந்தத் தெலுங்கு ஊரை விட்டுப் போகவில்லை. உள்ளே போகிற ஒவ்வொரு காருக்கு அடியிலும் கம்பியில் மாட்டிய கண்ணாடியை நீட்டிப் பார்க்க வேண்டும்.

நீளக் கம்பி மழைக்காலத்திலேயே முறிந்துவிட்டது. மிச்சம் ஒரு முழம். புதுசு கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் கண்ட பலன். முழக் கம்பியோடு குனிந்தால் வலது பிட்டத்திலிருந்து குதிகால் வரை சுண்டி இழுக்கும். இடுப்பு பாதியில் நின்றுகொண்டு, மேற்கொண்டு வரமாட்டேன் என்னும். தலையைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பார்த்தபடி குனிந்தால் மட்டும் இறங்கும். மனுஷர் அப்படியே பழகிவிட்டார். கண் சுவரில், கண்ணாடி காருக்கடியில். ஒப்புக்குச் சப்பாணி! வேலை போனால் இந்த வயதில் எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்?

கம்பெனிக்கு வாரம் ஒருநாள் காரில் வரும் பிசியோதெரபிஸ்ட் சௌம்யா, கோயம்புத்தூர்ப் பெண். அவர் நொண்டுவதைப் பார்த்து, கூப்பிட்டு மேஜை விளிம்பில் உட்கார வைத்தாள். கூன் போட்டு, மோவாயை நெஞ்சில் பதித்து, வலது காலை நீட்டச் சொன்னாள். கால் பாதியில் நின்றது.

“இப்ப தலைய மட்டும் தூக்குங்க.”

தூக்கினார். கால் இன்னும் ஒரு சாண் நீண்டது.

“தசை இல்லீங்க, நரம்பு. தலை குனிஞ்சா மேல இழுபடுது, கால் நேரா இருந்தா கீழ இழுபடுது. தாங்காதுன்னுதான் இடுப்பு நின்னுக்குது. அந்த முட்டிய மடக்கிக்கிட்டா தலையக் குனியலாம்.”

தனசிங் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

“நாலு மாசமா தலையத் தூக்கித்தான்மா குனியறேன். ஒரு வண்டி அடியும் பாக்கல. உன் வண்டியும் சேத்துத்தான்.”

சொல்லி முடித்ததும் அவமானத்தில் காது சுட்டது.

மறுநாள் முதல் காருக்கே வலது முட்டியைத் தரையில் ஊன்றி, தலையை நன்றாகத் தாழ்த்திப் பார்த்தார். எண்ணெய்க் கறையும் காய்ந்த சேறும் தெரிந்தன. எழுந்திருக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. அடுத்த காருக்கும் அப்படியே. வரிசை மெயின் ரோடு வரை போய்விட்டது, ஹாரன் காதைப் பிளந்தது. இவ்வளவு தாமதம் ஏன் என்று ஊர் உருதுவில் கத்தியபடி சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

“கைக்கு இத்னா லேட், சாப்?”

அடியில் பார்க்கிறேன் என்றார் தனசிங். பன்னிரண்டாவது கார் வந்தபோது அவரை நகர்த்திவிட்டார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். நாலு மாதமாக வராத புதுக் கம்பி மத்தியானமே வந்தது, வேறொருவன் கைக்கு.

வீட்டில் மனைவி லோயிஸ் சோறு போட்டபடி கேட்டாள். “கேட்லேருந்து எடுத்துட்டாங்களா?”

“ஹவ்,” என்று ஊர்ப் பேச்சிலேயே ஆமாம் போட்டார்.

“இன்னிக்கு எத்தனை வண்டி பாத்தீங்க?”

“பதினொண்ணு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். ஆனா பாத்தேன்.”