மாசா எந்தக் கிளை?

இணையக் கலைக்களஞ்சியத்துக்காக, ஆப்பிரிக்காவின் சாடிய மொழிக் குடும்பம் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அதில் மாசா மொழிகள் என்னைப் பாடாய்ப் படுத்தின. சில அறிஞர்கள் அவற்றை நடுச் சாடியக் கிளைக்குள் வைக்கிறார்கள். சிலர் தனிக் கிளை என்கிறார்கள்.

தர்மபுரத்தில் என்னோடு படிப்பிக்கும் செல்வராணியிடம் சலித்துக்கொண்டேன். அவருடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள்.

"உள்ளுக்கு எடுக்கிறதோ, வெளியில விடுறதோ எண்டு இன்னும் முடிவில்லை ரீச்சர்."

அவர் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தியபடியே சிரித்தார். "நம்ம கதை மாதிரியே இருக்கு சேர். நான் பொறந்தது இந்தத் தர்மபுரத்துல. காலையில புது அதிபர்கிட்ட என்னைய மலையகத்து ரீச்சர்னுதானே சொன்னீங்க?"

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். என்னை ஒருவரும் யாழ்ப்பாணத்து சேர் என்றதில்லை.

கட்டுரையில் இரண்டு கருத்துகளையும் எழுதினேன். மாசா பேசும் ஒருவரிடமும் நான் எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த கிழமை பாடசாலைக்கு வந்த அதிகாரி, செல்வராணியைக் காட்டி, "ரீச்சர் எந்த இடம்?" என்று என்னிடம் கேட்டார்.

வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன்.

"அவாவையே கேளுங்கோ" என்றேன்.