எதிர்வீட்டுக் கத்தரிக்காய்

பருத்திப்பட்டில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் நான் வளர்த்த கத்தரியில் காய்க்குக் காய் புழு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பயிர் செய்த குடும்பம் எதிர்வீட்டு அக்காவுடையது. அவர் தோட்டத்துக் காய்களோ பளபளவென்று தொங்கின. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

பொறுக்காமல் எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "எதிர்வீட்டுக் கத்தரி மரபணு மாற்றிய விதையாம். தின்ற புழு செத்துவிடுமாம். நமக்கு என்ன ஆகுமோ!"

"பூச்சிமருந்து அடிக்க வேண்டாமே, நல்லதுதானே?" என்றார் மூன்றாவது மாடிக்காரர். வருடா வருடம் கம்பெனியிடமே விதை வாங்க வேண்டும், நாட்டு ரகங்களும் கலந்து கெட்டுப்போகும் என்று நீளமாகப் பதில் போட்டேன். அதெல்லாம் எங்கோ படித்தது. அந்த அக்கா என்ன விதை போட்டார் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

மறுநாள் அவரே ஒரு பை நிறையக் காய் கொண்டுவந்தார். "ஊட்ல நெறைய கீது மேடம். எண்ணெக் கொழம்பு வெச்சுப் பாருங்க."

அவர் போனதும், ஒரு புழுவாவது கிடைக்காதா என்று ஒவ்வொரு காயாக அறுத்தேன். ஏழாவதில் கிடைத்தது. கொழுகொழுவென்று நெளிந்தது. குழுவில் போடலாமென்று சந்தோஷமாகப் படம் பிடித்தேன். அப்புறம்தான் உறைத்தது: தின்ற புழு உயிரோடு இருக்கிறது.

படத்தை அழித்தேன். குழுவில் எழுதியதை அழிக்கவில்லை.