பச்சைப் புள்ளி வைத்த தட்டு

நானும் உம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தட்டுகளைத் துடைத்து அடுக்கியது. வியாழக்கிழமை காலை. கோட்டுச்சேரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்த தட்டுப் பெட்டிகள் முந்தைய நாள்தான் திரும்பியிருந்தன. உம்மா துடைத்தார். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஒரு துணி வைத்து நான் அடுக்கினேன். எல்லாம் வாப்பாவின் பழைய கைலிகளைக் கிழித்தது. அவர் மௌத்தாகிப் பதினோரு வருஷத்தில் அவை மெலிந்துவிட்டன. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் என் விரல்கள் நிழலாகத் தெரியும்.

உம்மா ஒவ்வொரு தட்டையும் கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் புள்ளியைப் பார்ப்பார். விருந்து வீடுகளில் சாமான் கலந்துவிடாமல் இருக்க வைத்த அடையாளம் அது. மங்கியிருந்தால் நெயில் பாலிஷால் மறுபடி ஒரு பொட்டு. நகத்தில் பூசினால் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு கூடாது என்று தன் விரலில் ஒருநாளும் வைத்ததில்லை. தட்டுகளுக்காகவே ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தார்.

"காஞ்சுபோச்சு புள்ள. ஃபேன்சி ஸ்டோர்ல ஒண்ணு வாங்கிட்டு வா. இதே சிவப்பு."

"சிவப்புல என்ன உம்மா, எதாவது ஒண்ணு."

"ஒனக்கு எல்லாமே எதாவது ஒண்ணுதான்."

கடைசித் தட்டு நாற்பத்தெட்டாவது. அதன் அடியில் சிவப்பு இல்லை, பச்சைப் புள்ளி. உம்மா அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துரலாம்."

"நாளைக்கு ஜும்ஆ."

"அப்ப சனிக்கிழமை."

எப்போதும் போலக் கைலித் துண்டில் சுற்றிப் பெட்டியில் மற்றவற்றோடு வைத்துவிட்டார். சனிக்கிழமை விடியல் தொழுகைக்கு, சுபுஹுக்கு, அவர் எழுந்திருக்கவில்லை.

உம்மாவின் பெயர் சுல்தான் பீவி. வயது அறுபத்திரண்டு. பழைய பீங்கான், கண்ணாடி, பித்தளைச் சாமான்களைக் கொண்டு கல்யாண வீடுகளிலும் விருந்து வீடுகளிலும் மேசை அலங்கரித்துத் தருவது அவர் தொழில். எங்களிடம் இருந்த தட்டுகள் வாப்பாவின் பாட்டனார் சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவை. வெள்ளை, ஓரத்தில் நீலக் கரை. ஒன்று நானூற்றுப் பத்து கிராம். எடைமேடைகளைச் சரிபார்ப்பது என் வேலை, அதனால் இதெல்லாம் எனக்குத் தெரியும். மொத்தம் நாற்பத்தெட்டு வந்ததாம். ஒன்பது வயதில் நான் ஒன்றை உடைத்தேன். அதிலிருந்து நாற்பத்தேழு.

முதல் மேசை பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி டீச்சருக்கு. அவர் மகள் இளவேனிலின் நிச்சயத்துக்குத் தட்டுகளை இரவல் கேட்டார். உம்மா தட்டுகளோடு தானும் போனார். அரிக்கேன் விளக்குச் சிமினிகளில் மல்லிகையை நிரப்பினார். பித்தளைப் படிக்கத்தில் சம்பங்கி சொருகினார். மாப்பிள்ளையின் தாத்தா அந்தப் படிக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இது வெத்தில எச்சி துப்புறதுல்ல?"

"ஆமாங்கய்யா. ஆனா இது துப்பாத வீட்டுலேர்ந்து வந்தது."

"துப்பாத வீட்டுக்கு எதுக்குப் படிக்கம்?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிச்சேன். பூ வைக்க வாங்கியிருப்பாங்கபோல."

பெரியவர் சிரித்துச் சிரித்துக் கடைசியில் தன் பேத்தி கல்யாணத்துக்கும் இந்த அம்மாவையே கூப்பிடச் சொன்னாராம். டீச்சர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். அங்கிருந்து பத்து வருஷம். காரைக்காலில் கல்யாணம் வைத்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

உம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மேசை போட்டு முடித்ததும், விருந்தாளிகள் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பார். நாற்பத்தெட்டு நாற்காலி என்றால் நாற்பத்தெட்டிலும். மண்டபத்தில் அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்து பச்சைக் கண்ணாடிக் கிண்ணங்களுக்குள் இறங்கும். வெள்ளைத் துணியில் பச்சை நீர் அசைவது போலிருக்கும். அரசலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தால் துணியின் ஓரங்கள் மெல்ல எழுந்து தாழும். அதற்கு நடுவில் உம்மா ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து அடுத்ததில் உட்கார்வார். தண்ணீருக்குள் நடப்பவரைப் போல நிதானமாக. சேலைத் தலைப்பு ஒரு நாற்காலி பின்தங்கியே வரும்.

முதலில் எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது.

"மேலேர்ந்து பாத்தாலே தெரியுதே உம்மா, நேரா இருக்கு."

"மேலேர்ந்து யாரு திங்கப் போறா?"

ஒரு கல்யாணத்தில் பூ வைத்த சிமினியைத் தூக்கி வேறிடத்தில் வைக்கச் சொன்னார். காரணம் கேட்டேன். "இது மாப்பிள்ளையோட பெரியம்மா எடம். காது கேக்காது. எதுத்தாப்புல இருக்கவங்க உதட்டப் பாத்துதான் பேச்சு புரியும். நீ நடுவுல பூவ நட்டு வச்சிருக்கே" என்றார். விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வார். அதன் பிறகு நான் எதுவும் சொல்வதில்லை. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அவர் விடும் இடைவெளி ஒரு சாண். உம்மாவின் சாண் பத்தொன்பதரை சென்டிமீட்டர். அளந்திருக்கிறேன்.

பன்னிரண்டு பேர் மேசை நாலு போட்டால் நாற்பத்தெட்டு தட்டு வேண்டும். எங்களிடம் ஒன்று குறைவு. கடைசி இடத்தில் மஞ்சள் பூப் போட்ட வேறொரு தட்டை வைப்போம். அந்த நாற்காலியில்தான் உம்மா அதிக நேரம் உட்கார்வார். "இங்க யாரு வந்து ஒக்காரப் போறாங்களோ" என்பார். "நம்மள மட்டும் வேற மாதிரி நெனச்சுட்டாங்கன்னு தோணிடும்."

இரண்டு வருஷத்துக்கு முன் விழிதியூரில் தெட்சிணாமூர்த்தி என்ற விவசாயி வீட்டில் அறுபதாம் கல்யாணம். மதியம் இலை போட்டுச் சாப்பாடு. சாயங்காலப் பலகாரத்துக்கு மட்டும் எங்கள் மேசை. அங்கிருந்து திரும்பிய பெட்டியில் நாற்பத்தேழு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டு இருந்தது. அதே வெள்ளை, அதே நீலக் கரை. அடியில் பச்சைப் புள்ளி. அந்தக் காலத்தில் ஒரே மாதிரிச் சரக்கு பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. அவர்கள் வீட்டுத் தட்டு எங்களோடு கலந்து வந்துவிட்டது.

உடனே திருப்பியிருக்க வேண்டும். அந்த வாரம் ஒரு கல்யாணம் இருந்தது, நாலு மேசை. முதல்முறையாக நாற்பத்தெட்டும் ஒரே மாதிரி. உம்மா கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு உடனே எழுந்தார். அங்கே சரிசெய்ய ஒன்றுமில்லை. அவர் முகம் அன்றைக்கு இருந்தது போல நான் பார்த்ததில்லை. அப்புறம் இன்னொரு கல்யாணம். இன்னொன்று.

"கொடுத்துரலாம் உம்மா."

"கொடுக்காம? அமானிதம்ல அது."

பிறர் பொருள் நம் கையில் இருந்தால் அமானிதம். உரியவரிடம் சேர்க்கும்வரை இறக்கி வைக்க முடியாத சுமை. உம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்து அவர் வேறு யாருடைய ஊசியைக்கூட வைத்திருந்ததில்லை. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் நாளைக்கு என்பார். ஆனால் அந்தத் தட்டில் மட்டும் ஒருமுறையும் சிவப்புப் புள்ளி வைக்கவில்லை.

உம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் வாசலில் நெய்னா முகம்மது மாமா நின்று பேசினார். உம்மாவின் தம்பி. எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் சொல்வதுதான்.

"எங்க லாத்தா யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தா எங்கிட்ட வந்து கேட்டு வாங்கிக்கிங்க. மனசு நோகப் பேசியிருந்தா மன்னிச்சுருங்க."

யாரும் வரவில்லை. கதவுக்கு உள்பக்கம் நான் நின்றிருந்தேன். எனக்கு நேரே அலமாரியில் பெட்டிகள். எது யாருக்குச் சேர வேண்டும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் உம்மாவைப் பற்றி ஊரில் கடைசியாகப் பேசப்படுவது அதுவாக இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷிஃபா என்ற பெண்ணின் கல்யாணம். உம்மா ஒப்புக்கொண்டிருந்த வேலை, நாலு மேசை. அவள் வாப்பா வந்து வேறு ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னார். நான் செய்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பச்சைப் புள்ளித் தட்டைத் தனியாக எடுத்துச் சுற்றினேன். மாமா பார்த்துவிட்டு விவரம் கேட்டார். சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம கல்யாணம் முடியட்டுமே அஃபீஃபா. ரெண்டு வருஷம் இருந்தது ரெண்டு நாள் இருக்காதா?"

"உம்மாவும் இதத்தான் சொன்னாங்க மாமா."

மாமா ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

விழிதியூருக்குக் கால் மணி நேரம். நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. சாலையின் இரண்டு பக்கமும் வானம் தரையில் கிடந்தது. ஒரு கொக்கு பறந்தால் கீழேயும் ஒன்று பறந்தது. தட்டு பைக்குள், என் மடியில் இருந்தது. நானூற்றுப் பத்து கிராம். அவ்வளவுதான் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் அவ்வளவாக இல்லை. உம்மாவுக்காக நான் செய்ய மிச்சமிருந்தது இது ஒன்றுதான். அந்த வீட்டார் முகம் சுளித்தால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

தெட்சிணாமூர்த்தி வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி தாமரைச்செல்வி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றார்.

வரும் வழியில் சேர்த்துவைத்த வாக்கியங்களை வரிசையாகச் சொன்னேன். "இது உங்க தட்டுங்க. அன்னைக்கு எங்க பெட்டில வந்துருச்சு. உம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சிருந்தாங்க. போன சனிக்கிழமை அவங்க மௌத்தாயிட்டாங்க. பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் தட்டை வாங்கிக் கவிழ்த்துப் பச்சைப் புள்ளியைத் தடவினார்.

"இது எங்க மாமியார் வச்ச பொட்டு" என்றார். பிறகு, "இதக் கொடுக்கவா வந்தே? நாந்தானம்மா உங்க பெட்டில வச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு ஒரு கிண்ணம் ஒடஞ்சுபோச்சு. பச்சைக் கண்ணாடி, கால் வச்சது. என் கைதான் தவறுச்சு. உங்கம்மா ஒவ்வொண்ணையும் வெயில்ல புடிச்சுப் பாத்துப் பாத்து வச்சாங்கல்ல, அதப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வாய் வரல. எங்க மாமியார் தட்டு ஒத்தையா கெடந்துச்சு. உங்களுது மாதிரியே இருக்கேன்னு, அதுக்குப் பதிலா இது இருக்கட்டும்னு அடுக்குல சொருகிட்டேன்."

"சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருக்கலாம். ஒடஞ்சத மாடு மிதிச்சுடும்னு கொட்டாய்க்குப் பின்னால பொதச்சேன். அப்புறம் உங்கம்மா ரெண்டு தரம் போன் பண்ணாங்க. கிண்ணத்தக் கேக்கத்தான்னு நெனச்சுக்கிட்டு எடுக்கல."

உம்மா போன் செய்தது எனக்குத் தெரியாது. கிண்ணம் குறைந்தது தெரியும். ஒவ்வொரு விருந்துக்கும் போன சாமானையும் வந்த சாமானையும் நான்தான் எழுதி வைப்பேன். விழிதியூர்ப் பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. பச்சைக் கிண்ணம், ஒன்று குறைவு. நீலக்கரைத் தட்டு, ஒன்று கூடுதல். அடுத்தடுத்த வரிகள். என் கையெழுத்து. கிண்ணம் உடைவது சகஜம் என்று விட்டுவிட்டேன். இரண்டையும் சேர்த்து ஒருமுறை படித்திருந்தால் உம்மாவிடம் சொல்லியிருப்பேன்.

தாமரைச்செல்வி கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைக்கவில்லை.

"நான் இப்ப யாருகிட்ட கேக்குறது?"

இல்லாதவரின் சார்பில் வாரிசு சொல்லலாம். அது முறை. "நாங்க பொறுத்துக்கிட்டோம்" என்றேன். தட்டை அவரே கைலித் துண்டில் சுற்றி என் கையில் வைத்தார். "இது அவங்களுது. கொண்டுபோ" என்றார். ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஊருக்குள் வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கடைத்தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தி ஃபேன்சி ஸ்டோருக்குள் போனேன். நெயில் பாலிஷ் வேண்டும், சிவப்பு என்றேன். கடைப் பெண் வரிசையாக எடுத்து வைத்தாள். எண்ணினேன். பதினான்கு சிவப்பு. கண்ணாடி மேசையில் அவை ஒவ்வொன்றும் தன் நிழலோடு நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் இருந்தது.

"எந்தச் செவப்புக்கா?"

பையிலிருந்து தட்டை எடுத்தேன். கைப்பழக்கத்தில் துணியை விலக்கிக் கவிழ்த்து அவள் முன் வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "இது பச்சைக்கா."

காய்ந்துபோன பாட்டில் வீட்டில், ஜன்னல் கட்டையில் இருந்தது. அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். வெளியே பள்ளிவாசலில் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தட்டை மறுபடி சுற்றிப் பையில் வைத்தேன்.

"நாளைக்கு வரேன்" என்றேன்.