இறங்கிவிடுவோம் என்று சொன்னவர்கள்

"கூட வருகிற ஒருத்தருக்கு முடியாமல் போகிறது. அவரோடு இறங்கினால் உங்களுக்கு அன்றைய வேலை போய்விடும். என்ன செய்வீர்கள்?" போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களிடம் இரண்டு வாரமாக இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வலியை உணர்கிறவர்கள் அதற்காக எதையாவது விட்டுக்கொடுக்கிறார்களா என்பதுதான் தத்துவத் துறையில் என் ஆய்வு. "இதென்ன கேள்வி டீச்சர், எறங்கிருவோம்ல" என்று சிரிப்பார்கள். என் நெறியாளர் நம்பவில்லை. "வாயளவில் எல்லாரும் நல்லவர்கள்தான்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயமும் இருந்தது.

அன்று காலையும் அவர்களோடு ஜீப்பில் போனேன். போடிமெட்டுக்கு மூன்று வளைவு இருக்கும்போது என் எதிரே இருந்த அக்காவுக்கு மூச்சு இழுத்தது. ஏற்கெனவே இளைப்பு உள்ளவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்தார். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. டிரைவர் ஓரங்கட்டினார்.

"ஆராச்சும் ஒராள் கூட எறங்குங்கத்தா. கீழ போற வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. வெரசா! எட்டு மணிக்குள்ள மேல போகலைன்னா கங்காணி ஒருத்தரையும் வேலைக்குச் சேக்கமாட்டான்."

ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள். இன்னொருத்தி பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தானாக நோட்டைத் திறந்தது. ஐயோ, சொல்லவே கூசுகிறது, உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் வாயால் கேட்டது கண்ணெதிரே நடக்கிறதே! யார் யாரைப் பார்க்கிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது, எல்லாம் எழுதினேன். மூணாறிலிருந்து வந்த பஸ் எங்களைத் தாண்டிக் கீழே போனது. அதையும் எழுதினேன்.

கடைசியில் என் வயதுக்காரி ஒருத்தி, "வாக்கா, போவோம்" என்று அவரைத் தாங்கி இறக்கினாள். முந்தின நாளும் வேலை இல்லாமல் திரும்பியவள் அவள். அந்த ஜீப்பில் இறங்கினாலும் கூலி போகாத ஒரே பயணி நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நானும் குதித்தேன். ஜீப் போய்விட்டது.

ரோட்டோரத்தில் இருவருமாக அந்த அக்காவின் முதுகை நீவிக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் தோள் ஏறி இறங்கியது. செத்துப்போய்விடுவாரோ என்று பயந்து நடு ரோட்டில் போய் நின்றேன். கையைக் காட்டியும் ஒரு கார் நிற்கவில்லை. அரை மணி கழித்துத்தான் லோடு இறக்கிவிட்டு வந்த வேன் ஒன்று நின்றது. போடி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து வெகுநேரம் கழித்து அவர் கண் திறந்தார்.

வராந்தாவில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பஸ்சு போகையில என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீகளே டீச்சர். வாசிங்க, கேப்போம்."

நோட்டைத் திறந்து வாசித்தேன். "ஏழு நிமிடம். கூட இருந்தவர்கள் பத்துப் பேர். யாரும் அசையவில்லை."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"பதினொன்னு டீச்சர். உங்கள விட்டுட்டீக."