மழையில் தானே நகர்ந்த திரை

1. ஏர்கோன் கடை

படகு வேலைக்கு என்று போன முதல் நாள் ராமையா அண்ணன் என்னைக் கடலுக்குக் கூட்டிப் போகவில்லை. பெர்மாஸ் ஜெயாவில் தூண்டில் சாமான் விற்கும், ஏர்கோன் போட்டுக் குளிரும் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். கையில் பிடிக்கும் ஜிபிஎஸ் ஒன்று வாங்க வேண்டும் என்றார். நான் கப்பல்பட்டறையில் இருந்தவன் என்பதால் எனக்கு அதெல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். செம்பனைத் தோட்டம், லாரி, சிங்கப்பூர் கப்பல்பட்டறை என்று எதிலும் நிலைக்காமல் சுற்றினேன். பட்டறையில் வலது ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கியது. விரல் மிஞ்சியது, அதில் உணர்ச்சிதான் இல்லை. அண்ணன் ஸ்கூடாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமநிதியை எடுத்து கெலாங் பாத்தா பக்கம் ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தார். தூண்டில் போட வருகிறவர்களை ஏற்றிப் போவதுதான் தொழில்.

எங்கள் கரைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் உள்ள ஜலசந்தியின் நடுவில்தான் எல்லைக்கோடு போகிறது. தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் தாண்டினாலும் தாண்டியதுதான். படகைப் பிடித்து வைத்துக்கொண்டால் அண்ணனுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஜிபிஎஸ் வாங்கப் போனது அதற்காகத்தான்.

கடைக்கார அம்மா இரண்டைக் காட்டினார். ஒன்று தடியாக, சின்னத் திரையோடு, பொத்தான் வைத்தது. இன்னொன்று பெரிய கலர்த் திரை, தொட்டால் வேலை செய்வது. எனக்கும் பெரியதுதான் கண்ணுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பக்கத்தில் தூண்டில் இறால் போட்டு வைத்த ஐஸ்பெட்டி இருந்தது.

"அண்ணே, இந்தத் தண்ணில கைய நனைச்சு ஒருவாட்டி தொட்டுப் பாத்துட்டு வாங்கலாம்."

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "டேய், ஏர்கோன் கடையில வந்து இறால் நாத்தத்தோட நிக்கிறதா? அந்தம்மா என்ன நெனைக்கும்?"

"கடல்ல அப்படித்தானேண்ணே பிடிப்போம்."

"உன் வெரலுக்கு எதுதான்டா வேலை செய்யும்? கஸ்டமர் பாக்கணும் லா. பெரிசா இருந்தாத்தான் நம்ம படகுல எல்லாம் இருக்குன்னு தெரியும்."

பெரியதையே வாங்கினோம்.

2. மேற்கே கறுத்தது

குறை சொல்ல முடியாதபடி அது கொஞ்ச காலம் ஓடியது. வெயிலில் மட்டும் தொப்பியால் மறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஏறுகிறவர்கள் எல்லாரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு அதில் சந்தோஷம்.

ஒரு காலை ஸ்கூடாயிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி எஞ்சினை அணைத்து, நீரோட்டத்தில் படகை மிதக்கவிட்டுத் தூண்டில் போட்டிருந்தோம். மேற்கே, சுமத்ரா பக்கம் கறுத்தது. தூண்டிலைச் சுருட்டி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. சிங்கப்பூருக்குப் போகும் பாலமும் துறைமுகக் கிரேன்களும் மறைந்தன. சுற்றிலும் வெள்ளை.

அண்ணன் ஜிபிஎஸ்ஸை எடுத்தார். மழைத்துளி ஒவ்வொன்றும் அதற்கு ஒரு விரல். வரைபடம் தானே நகர்ந்து எங்கேயோ போனது, தானே சுருங்கியது. ஒருமுறை, வந்த பாதையை அழிக்கவா என்று கேட்டது. சட்டையால் துடைத்தார். சட்டையே சொட்டிக்கொண்டிருந்தது. கடையில் நான் யோசித்தது ஈரக் கையை மட்டும்தான். மழை வந்து திரையைத் தொடும் என்று எனக்கும் தோன்றவில்லை.

வந்தவர்களில் ஒருவர் தன் போனைக் காட்டினார். "அண்ணே, போன்ல சிங்கப்பூர் லைன் புடிச்சிருச்சு. தாண்டிட்டோமா?"

"அது நம்ம கரையில, படகு ஏறுற ஜெட்டியிலயே புடிக்கும் தம்பி. சும்மா உக்காருங்க," என்றேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "எஞ்சின் போடு. வீட்டுப் பக்கம் ஓட்டு."

"வீட்டுப் பக்கம் எதுண்ணே?"

வலது கையை நீட்டி முன்னால் காட்டினார். பிறகு அந்தக் கையைக் கீழே போட்டுவிட்டார்.

நான் நங்கூரத்தை இறக்கினேன். கொஞ்சம் கயிறு விடுவதற்குள் அது சேற்றைத் தொட்டது. ஆழமில்லை, அதனால் கப்பல் போகும் பாதையிலும் இல்லை. அது போதும் என்று கயிற்றைக் கட்டினேன்.

"படகு போச்சுன்னா நான் எங்கடா போவேன்?" என்றார் அண்ணன், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"நிக்கிற படகு எங்கயும் போகாதுண்ணே."

மழை வெறித்தபோது முதலில் பாலத்தின் தூண்கள் தெரிந்தன. நாங்கள் எங்கள் பக்கத்தில்தான் இருந்தோம், ஆனால் கோட்டுக்கு வெகு அருகில். எதிரே அந்தப் பக்கத்துக் காவல் படகு ஒன்று எங்களைப் பார்த்தபடி நின்றது. அண்ணன் முதலில் கை நீட்டிக் காட்டிய திசை அதுதான். அது அவருக்கும் தெரிந்தது. சொந்தக்காரரைப் பார்த்தது போல அந்தப் படகுக்குக் கையசைத்தார். அங்கிருந்து யாரும் கையசைக்கவில்லை.

3. மறுபடியும் ஐஸ்பெட்டி

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனோம். அண்ணன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சட்டைக்கையை மடித்துவிட்டு ஐஸ்பெட்டிக்குள் முழங்கை வரை விட்டார்.

"அலமாக்," என்று பதறினார் கடைக்கார அம்மா.

சொட்டும் கையால் பொத்தான் வைத்ததை எடுத்தார். திரைமேல் தண்ணீர் ஓடியும் நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் அம்பு நகரவில்லை. வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி, சாதாரணக் கடையில் கிடைக்கிற வகைதானா என்று பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"அந்தச் செத்த வெரலால அமுக்கு."

அமுக்கினேன். பீப் என்றது.

"இவனுக்கே கேக்குது. இதக் குடுங்கம்மா," என்றார்.

படகுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் எந்த மாடல் நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். மாடல் பெயர் எனக்கு நினைவில் நிற்பதில்லை. கடையில் உலர்ந்த கையோடு நிற்கிற ஆளுக்காக வாங்காதே, மழையில் நனைந்து திசை தெரியாமல் நிற்கிற ஆளுக்காக வாங்கு என்பேன். அப்படி ஒன்று கையில் இல்லாத நேரத்தில் நங்கூரம் போட்டுக் காத்திரு என்றும் சொல்வேன்.

பெரிய திரையை அண்ணன் காரில் மாட்டியிருக்கிறார். அங்கே அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. காருக்குக் கூரை இருக்கிறது.